மாமனும் மருமகனும் துறைமுகமும்

1953ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆந் திகதி இலங்கை அமைச்சரவை கூடிய இடம், கொழும்புத் துறைமுகத்தில் நின்ற 'நியூபவுண்ட்லாந்து' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல். கரையிலே ஹர்த்தால் நடந்துகொண்டிருந்தது. கடைகள் அடைபட்டன, மேற்குக் கரையோரத்தில் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, பொலிசாரின் குண்டுக்கு உயிர்கள் பலியாயின. சுதந்திரம் பெற்று ஐந்தரை ஆண்டுகளே கழிந்திருந்த ஒரு நாட்டின் மந்திரிமார், தமக்கு வாக்களித்த மக்களுக்கு அஞ்சி, முன்னாள் எசமானரின் கப்பலிலே ஏறி இருந்து ஆலோசனை நடத்தினர். அக்கப்பல் சேர்ந்திருந்த கிழக்கிந்தியக் கடற்படையின் தலைமைத்தளம் அந்நாளில் எமது திருகோணமலையிலேதான் இருந்தது.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதுவோர் அதன் ஆழத்தையும் அரணையும் வியந்து எழுதுவர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என அதனைக் கைப்பற்றியோரை வரிசைப்படுத்துவர். பள்ளிக்கூடத்துச் சரித்திர பாடமும் அவ்வளவோடு நின்றுவிடும். 1948க்குப் பின் நாட்டை ஆண்ட கட்சி இத்துறைமுகத்தை என்ன செய்தது, அக்கட்சியின் தலைமை எவ்வாறு கைமாறியது, இவ்விரண்டுக்கும் உள்ள உறவு யாது என்று பாடப்புத்தகம் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால், ஐக்கிய தேசியக் கட்சியின் ஆட்சி வரலாறு, சிறப்பாக 1947 முதல் 1956 வரையுள்ள ஒன்பது ஆண்டுகள், நாம் வழக்கமாகக் கேட்கும் கதையினின்றும் பெரிதும் வேறுபடக் காண்போம்.

ஐக்கிய தேசியக் கட்சி 1946 செப்டெம்பர் 6ஆந் திகதி தோன்றியது. இலங்கைத் தேசிய காங்கிரஸ், பண்டாரநாயக்காவின் சிங்கள மகா சபை, முஸ்லிம் லீக் முதலியன ஒன்றுசேர்ந்து அமைத்த கட்சி என்று அதன் வரலாறு கூறும். அவை ஒன்றுசேர்ந்தன என்பதைவிட, டி. எஸ். சேனநாயக்கா என்ற ஒரு மனிதரைச் சுற்றி வந்து நின்றன என்பதே பொருந்தும். அடுத்த ஆண்டு நடந்த பொதுத் தேர்தலில் 95 ஆசனங்களுள் அக்கட்சிக்குக் கிடைத்தவை 42. சமசமாஜக் கட்சி 10, போல்ஷெவிக் லெனினிஸ்ட் கட்சி 5, கம்யூனிஸ்ட் கட்சி 3 என இடதுசாரிகள் 18 ஆசனங்களைப் பெற்றிருந்தனர். சேனநாயக்கா அரசாங்கம் அமைத்தது சுயேச்சை உறுப்பினரைத் தனித்தனியே அழைத்துச் சேர்த்துக்கொண்ட சாதுரியத்தினால். வவுனியா சுந்தரலிங்கமும் மன்னார் சிற்றம்பலமும் அவ்வாறே மந்திரிகளாயினர். மறு ஆண்டு தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலமும் கைத்தொழில் மந்திரியானார். ஆட்கள் சேர்ந்தார்கள். கிராமந்தோறும் கிளை, கிளைகளின் பிரதிநிதிகள் கூடித் தலைமையைத் தெரிவு செய்யும் வழக்கம் என்பன அக்கட்சியில் வேரூன்றவேயில்லை.

அந்த இடத்தை நிரப்பியது உறவு. யூ. என். பி. என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளுக்கு 'அங்கிள் நெவ்யூ பார்ட்டி' என்று எதிர்க்கட்சியார் பொருள் விரித்தனர். மாமன் மருமகன் கட்சி என்று நாம் தமிழிலே சொல்லுகிறோம். ஆங்கிலேயரின் 'அங்கிள்' என்ற சொல்லுக்குள் சிற்றப்பனும் பெரியப்பனும் தாய்மாமனும் ஒருங்கே அடங்கிவிடுவராதலால், உறவைச் சற்று விரித்துரைப்பது நலம். டட்லி சேனநாயக்கா டி. எஸ்.ஸின் மகன். ஆர். ஜி. சேனநாயக்கா டி. எஸ்.ஸின் தமையன் எவ். ஆர். சேனநாயக்காவின் மகன். எவ். ஆர். மணந்தது அத்திகல குடும்பத்து எலனை. எலனின் சகோதரி அலிஸின் மகன் ஜோன் கொத்தலாவலை. மற்றொரு சகோதரியான லீனாவை மணந்தவர் டி. ஜி. ஜயவர்த்தனா, அவருடைய சகோதரரின் மகன் ஜே. ஆர். ஜயவர்த்தனா. ஜே. ஆரின் தாயாரோ லேக் ஹவுஸ் பத்திரிகைகளின் அதிபர் டி. ஆர். விஜேவர்த்தனாவின் சகோதரி. காரீயச் சுரங்கத்திலும் தென்னையிலும் இறப்பரிலும் திரண்ட செல்வம் கலியாண உறவால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, அந்தப் பின்னலிலிருந்தே பிரதம மந்திரியும் நிதி மந்திரியும் பத்திரிகையும் தோன்றின. வம்பளப்பதற்காக இதனை நாம் கூறவில்லை. சொத்துடைய வர்க்கம் தன்னை ஒரு கட்சி என்று அழைத்துக்கொண்டபோது எந்த உருவில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் நாட்டில் இல்லை.

முதல் அமைச்சரவையில் டட்லிக்கு விவசாயமும் காணியும், கொத்தலாவலைக்குப் போக்குவரத்தும் பொதுவேலையும், ஜே. ஆருக்கு நிதியும் வழங்கப்பட்டன. பாதுகாப்பும் வெளிவிவகாரமும் சோல்பரி யாப்பின்படி பிரதமரிடமே இருந்தன. அனுபவத்தாலும் செல்வாக்காலும் டி. எஸ்.ஸுக்கு அடுத்த நிலையில் இருந்த பண்டாரநாயக்கா இந்த வட்டத்துக்கு வெளியே நின்றவர். 1951 ஜூலையில் அவர் எதிர்க்கட்சி ஆசனத்துக்குப் போய், செப்டெம்பரில் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். கொள்கை வேறுபாடு என்று அவர் காரணங் கூறினார். தலைமைக்கு வாரிசு முன்னமே தீர்மானிக்கப்பட்டுவிட்டது என்பதை அவர் உணர்ந்ததும் அதற்குக் குறையாத காரணம் என்பது எமது கருத்து.

இனித் துறைமுகத்துக்கு வருவோம். 1947 நவம்பர் 11ஆந் திகதி, சுதந்திரத்துக்கு மூன்று மாதம் முன்னதாக, சேனநாயக்கா பிரித்தானியாவுடன் மூன்று உடன்படிக்கைகளிலே கையொப்பமிட்டார். அவற்றுள் பாதுகாப்பு உடன்படிக்கை, பிரித்தானியா இலங்கையிலே கடற்படைத் தளங்களையும் விமானத் தளங்களையும் வைத்திருக்க இடமளித்தது. அதனால் திருகோணமலையும் கட்டுநாயக்காவும் அவர்களிடமே இருந்தன. 1948 பெப்ரவரி 4ஆந் திகதி கொழும்பிலே கொடி மாறியது. கொட்டியாரக் குடாவிலிருந்து பார்த்தோருக்குத் தெரிந்த கொடி மாறவில்லை. உட்துறைமுகத்தில் அதே கப்பல்கள், டொக்யாட்டில் அதே அதிகாரிகள், சீனன்குடாவில் அதே எண்ணெய்த் தாங்கிகள். ஐக்கிய நாடுகள் சபையில் இலங்கை அங்கத்துவம் கேட்டபோது, இந்நாட்டின் சுதந்திரம் ஐயத்துக்குரியது என்று கூறிச் சோவியத் யூனியன் தடுத்தது. 1955 டிசம்பரிலேதான் அங்கத்துவம் கிடைத்தது. சோவியத்தின் வாதத்தில் வல்லரசுப் போட்டியும் கலந்திருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் சுட்டிக்காட்டுவதற்கு அவர்களுக்கு ஒரு துறைமுகம் கிடைத்திருந்தது.

அந்நியத் தளத்தை ஏன் அவ்வளவு விருப்போடு வைத்திருந்தார்கள்? இந்தியாவின் மீதிருந்த அச்சத்தால் என்று டி. எஸ்.ஸுக்குச் சார்பாக எழுதுவோர் கூறுவர். அவ்வச்சம் இருந்தது உண்மை. உள்நாட்டிலும் ஓர் அச்சம் இருந்தது. 1947இல் மலையகத் தோட்டத் தொழிலாளர் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியதோடு, வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் துணைநின்றனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் சட்டங்களும் அத்தொழிலாளரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. இச்செயலை இனவாதம் என்று மட்டும் படித்தால் பாதியே விளங்கும். கட்சிக்கு அடித்தளம் இல்லாதபோது எதிரியின் அடித்தளத்தை வெட்டி எறிவதும் ஒரு தந்திரமே. சுந்தரலிங்கம் மந்திரிப் பதவியைத் துறந்தார். பொன்னம்பலம் அதே ஆண்டில் மந்திரிப் பதவியை ஏற்றார். தமிழ்க் காங்கிரஸ் பிளந்து, 1949 டிசம்பரில் செல்வநாயகத்தின் தலைமையில் தமிழரசுக் கட்சி பிறந்தது.

1952 மார்ச் 21ஆந் திகதி காலிமுகத்திடலில் குதிரையிலிருந்து விழுந்த டி. எஸ். சேனநாயக்கா மறுநாள் காலமானார். ஆளுங் கட்சி ஒன்றின் தலைவர் மறைந்தால் அடுத்து நடக்கவேண்டியது யாது? பாராளுமன்றக் குழு கூடித் தெரிவு செய்ய வேண்டும். இங்கு நடந்ததோ வேறு. மகாதேசாதிபதி சோல்பரிப் பிரபு அப்போது நாட்டிலே இல்லை. அவர் திரும்பி வரும்வரை நாடு பிரதமரின்றிக் காத்திருந்தது. வந்தவர் மார்ச் 26ஆந் திகதி நாற்பது வயதான டட்லியைப் பிரதமராக நியமித்தார். தமக்குப் பின் மகனே என்ற விருப்பத்தை டி. எஸ். முன்னரே அவரிடம் தெரிவித்திருந்தாராம். ஐம்பத்தைந்து வயதை எட்டிக்கொண்டிருந்த கொத்தலாவலை கொதித்தெழுந்தார். 'பிரிமியர் ஸ்டேக்ஸ்' என்ற பெயரில், குதிரைப் பந்தயத்தை நினைவூட்டும் தலைப்போடு, பெயரிடாத பிரசுரம் ஒன்று கைக்குக் கை மாறியது. அதனை எழுதுவித்தவர் அவரே என்று ஊரார் பேசினர், அவர் மறுத்தார். இறுதியில் அவர் அமைச்சரவையிலேயே இருந்துவிட்டார். கட்சி உறுப்பினரின் கருத்தை யாரும் கேட்கவில்லை. தந்தை விரும்ப, ஆங்கிலப் பிரபு நியமிக்க, மருமகன் முனக, பிரதம மந்திரிப் பதவி கைமாறியது.

மே மாதத் தேர்தலில் அனுதாப அலையும், மலையகத்தின் வாக்கின்மையும் சேர்ந்து கட்சிக்கு 54 ஆசனங்களைத் தந்தன. வடகிழக்கில் தமிழரசுக் கட்சி பெற்ற ஆசனங்கள் இரண்டேதான்: கோப்பாய், திருகோணமலை. நாடெங்கும் வெற்றி முழக்கம் கேட்ட வேளையில், பிரித்தானியக் கடற்படையின் பட்டறைகள் நின்ற ஊர் ஆளுங் கட்சிக்கும் அதன் கூட்டாளிக்கும் எதிராக என். ஆர். இராஜவரோதயத்தைத் தெரிவு செய்தது. இதற்குக் காரணங்கள் பல. கந்தளாயிலும் அல்லையிலும் அரசாங்கம் திட்டமிட்ட குடியேற்றத்தால் எழுந்த கலக்கம் அவற்றுள் முதன்மையானது என்பது எமது எண்ணம். டி. எஸ்.ஸின் நீர்ப்பாசனப் பணி பெரிது. காடு திருத்திக் குளங்கட்டி வறிய விவசாயிக்கு நிலங் கொடுத்தது பெரிய காரியமே. எந்த விவசாயிக்கு, எவர் மத்தியில் என்ற கேள்வியைக் கொழும்பிலிருந்த குடும்பம் கிழக்கிலங்கையின் தமிழரிடமோ முஸ்லிம்களிடமோ கேட்கவில்லை என்பதே குறை.

1953 ஜூலையில் நிதி மந்திரி ஜே. ஆர். கூப்பன் அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு நிறுத்தப்பட்டது. தபாற் கட்டணமும் புகையிரதக் கட்டணமும் கூடின. ஆசிரியராகிய எமக்கு அந்த மதிய உணவுச் செய்தி மற்றெல்லாவற்றிலும் கொடியதாய்த் தோன்றுகிறது. பசித்த பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாது. ஆகஸ்டு 12ஆந் திகதி சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் அழைத்த ஹர்த்தால், அவர்கள் எதிர்பார்த்ததையும் கடந்து கிராமங்களிலே பற்றியது. அப்போதுதான் மந்திரிகள் கப்பலேறினர்.

அக்கப்பற் காட்சியைக் கோழைத்தனம் என்று நகைத்து விடுவது எளிது. அதனிலும் ஆழமான உண்மை ஒன்று அதிலே உண்டு. மக்களிடம் சென்று பேச ஒரு கட்சி அமைப்பு இருந்திருந்தால் மந்திரிகள் தம் தொகுதிகளுக்குப் போயிருப்பர். தொகுதியிலே அவர்களுக்கு முதலாளிமாரும் முகவரும் இருந்தனர், தோழர் இருக்கவில்லை. ஆகவே எஞ்சி நின்ற ஒரே அரண் அந்நியக் கடற்படை. 1947இல் கையொப்பமிட்ட பாதுகாப்பு உடன்படிக்கை யாரை யாரிடமிருந்து பாதுகாக்க என்பது அன்று விளங்கியது.

டட்லி அக்டோபர் மாதம் பதவி துறந்தார். அவர் உடல்நலம் குன்றியிருந்தார். குண்டுக்குப் பலியானோர் அவர் மனத்தை வருத்தினர் என்றும் கூறுவர். ஆட்சியை விட்டு விலகத் தெரிந்த தலைவர் என்ற வகையில் அவருக்குரிய மதிப்பை நாம் மறுக்கவில்லை. மகனுக்குப் பின் மருமகன் வந்தார். கொத்தலாவலை அரிசியை 55 சதத்துக்கு இறக்கினார். பொன்னம்பலத்தை அமைச்சரவையிலிருந்து நீக்கினார்.

இந்த இடத்தில் ஆர். ஜி. சேனநாயக்காவைப் பற்றி ஒரு சொல். 1952 டிசம்பரில் வர்த்தக மந்திரியாக இருந்து, அமெரிக்காவின் சினத்தைப் பொருட்படுத்தாது, மக்கள் சீனத்துடன் அரிசி-இறப்பர் ஒப்பந்தத்தைச் செய்தவர் அவர். ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி பெறும் அவ்வொப்பந்தம் அவ்வாட்சியின் மிகச் சுதந்திரமான செயல். அதுவும் அதே குடும்பத்திலிருந்துதான் வந்தது! குடும்பத்துக்குள்ளும் கருத்து மோதியது என்பதற்கு இது சான்று. ஆனால் அம்மோதலைத் தீர்க்கக் கட்சியிலே மன்றம் இல்லை. 1954இல் அவர் அமைச்சரவையை விட்டு வெளியேறினார். 1956இல் களனித் தொகுதியில் ஜே. ஆரை எதிர்த்து நின்று தோற்கடித்தார்.

கொத்தலாவலையின் இரண்டரை ஆண்டுகள் ஆரவாரம் நிறைந்தவை. 1954இல் இந்தோசீனப் போருக்குப் பிரெஞ்சுப் படையினரை ஏற்றிச் சென்ற அமெரிக்க விமானங்கள் இலங்கையிலே தங்கிச் செல்ல இடங்கொடுத்தார். 1955 ஏப்ரலில் பாண்டுங்கில், ஆசிய ஆபிரிக்க நாடுகள் ஏகாதிபத்தியத்துக்கு எதிராகக் கூடிய சபையில், சோவியத்தின் காலனி ஆதிக்கம் பற்றிப் பேசி நேருவை எரிச்சலூட்டினார். தம் நாட்டுத் துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படையை வைத்துக்கொண்டு அவர் அங்கு பேசியது நாடகத்துக்குரிய முரண். அதற்கு முன்னே யாழ்ப்பாணத்துக்குப் போனபோது, கொக்குவிலிலே அளித்த வரவேற்பில், சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்தைச் சட்டத்திலே எழுதித் தருவதாக வாக்களித்தார். தெற்கிலே கிளர்ச்சி எழுந்தது. 1956 பெப்ரவரியில் களனியிலே கூடிய கட்சி மாநாடு சிங்களம் மட்டும் என்று தீர்மானித்தது. கட்சியின் தமிழ் உறுப்பினர் வெளியேறினர்.

ஒரு மாநாட்டிலே ஒரு மொழியின் உரிமையைத் துறந்துவிட எப்படி முடிந்தது? சம அந்தஸ்தைக் கட்சி விவாதித்து ஏற்றிருக்கவில்லை என்பதே விடை. ஒருவர் மேடையிலே கொடுத்த வாக்கை மற்றொரு மேடையிலே மீட்டுக்கொள்வதற்கு எவரிடம் அனுமதி கேட்க வேண்டும்? மொழி அலையும் பிக்குமாரும் சேர்ந்து ஐக்கிய தேசியக் கட்சியை அடித்துச் சென்றனர் என்று எழுதுவோர், அலை வந்தபோது அங்கு கரை இருந்ததா என்று பார்ப்பதில்லை. ஏப்ரல் தேர்தலில் பண்டாரநாயக்காவின் மக்கள் ஐக்கிய முன்னணிக்கு 51 ஆசனங்கள். ஆண்ட கட்சிக்கு எட்டு. அத்தோல்வியிலே சிங்களக் கிராமத்துச் சுயபாஷை ஆசிரியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆங்கிலம் படித்த ஆசிரியரிலும் குறைந்த சம்பளத்துக்கு உழைத்த அவர்களின் குறை நியாயமானது. அது எம்முடைய குறையும்கூட. அந்நியாயமான குறை தமிழுக்கு எதிரான சட்டமாக முடிந்ததே 1956இன் துயரம்.

1957 அக்டோபர் 15ஆந் திகதி பிரித்தானியா திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது. பண்டாரநாயக்காவின் மொழிக் கொள்கையால் துன்புற்ற நாமும் அச்செயலுக்காக அவரைப் போற்றுகிறோம். கப்பல்கள் போனபின் டொக்யாட்டை நம்பி வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் பல வேலையிழந்தன என்பதையும் எழுதத்தான் வேண்டும். அதற்குப் பதினொரு நாள் முன்னே, அக்டோபர் 4ஆந் திகதி, ஜே. ஆர். தலைமையில் கண்டி யாத்திரை புறப்பட்டிருந்தது. பண்டா-செல்வா ஒப்பந்தத்தைக் கிழிப்பதே அதன் நோக்கம். அதிகாரத்தை இழந்த கட்சி மக்களிடம் போகக் கற்றுக்கொண்டது. போன வழி அது.

டட்லி 1965இல் தமிழரசுக் கட்சியையும் சேர்த்து மீண்டும் ஆட்சி அமைத்தார். உள்ளூராட்சி மந்திரி மு. திருச்செல்வம், திருகோணமலைக் கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயிற் சூழலைப் புனித பூமியாக்குவது பற்றி ஆராய ஒரு குழுவை நியமித்தார். பௌத்த பிக்கு ஒருவரின் எதிர்ப்புக் கிளம்பவே, பிரதமர் தம் மந்திரியைக் கலந்து பேசாமலே அக்குழுவை நிறுத்திவிட்டார். 1968இல் திருச்செல்வம் பதவி துறந்தார். டட்லி நல்லவர் என்று தமிழ்த் தலைவர்களே கூறினர். நல்லவராயிருந்தும் கொக்குவிலில் நடந்ததே கோட்டையிலும் நடந்தது.

1977க்குப் பின் ஜே. ஆர். 168 ஆசனங்களுள் 140ஐ வென்று ஆண்டபோது உறவு முறையும் போதாமற் போயிற்று. 1982இல் தம் கட்சி உறுப்பினரிடமிருந்து திகதியிடாத ராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு நடத்திப் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டினார். 1983இன் இரத்தமும் போரும் சூழ்ந்து, காலின் கீழ் நிலம் நழுவியபோது, 1987 ஜூலை 29ஆந் திகதி ராஜீவ் காந்தியோடு ஒப்பந்தம் செய்தார். அதனோடு பரிமாறிய கடிதங்களிலே, இந்தியாவின் நலனுக்கு மாறாகத் திருகோணமலையை எந்நாட்டின் இராணுவத்துக்கும் கொடுப்பதில்லை என்றும், சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளை இந்தியாவோடு சேர்ந்து புனரமைப்பதென்றும் உறுதி எழுதப்பட்டது. பெரியப்பனுக்கு ஒப்பானவர் பிரித்தானியாவுக்கு எழுதிக் கொடுத்ததற்கும் இதற்கும் இடையே நாற்பது ஆண்டு. இரு முறையும் இத்துறைமுகத்தைச் சுற்றி வாழ்வோரை எவரும் கேட்கவில்லை.

பின்னர் அக்குடும்பங்களுக்கு வெளியேயிருந்து பிரேமதாசா வந்தார். 1993 மே தினத்தில் கொல்லப்பட்டார். விஜேதுங்காவுக்குப் பின் 1994 முதல் தலைவரானவர் ரணில் விக்கிரமசிங்கா. ஜே. ஆரின் தாய்மாமனான டி. ஆர். விஜேவர்த்தனாவின் மகள் வயிற்றுப் பிள்ளை அவர். 2020 தேர்தலில் அக்கட்சி எந்தத் தொகுதியிலும் வெல்லவில்லை. தேசியப் பட்டியலால் ஓர் ஆசனம் கிடைத்தது.

குடும்பத் தலைமை ஐக்கிய தேசியக் கட்சியின் தனிச்சொத்தாக இருக்கவில்லை. பண்டாரநாயக்கா 1959இல் கொலையுண்டபின் அவர் கட்சியும் மனைவியிடமும் பின்னர் மகளிடமும் போயிற்று. ராஜபக்ச சகோதரரின் ஆட்சியில் ஒருவர் ஜனாதிபதி, மற்றவர் பிரதமர், இன்னொருவர் நிதி மந்திரி. அரிசியும் எரிவாயுவும் பெற்றோலும் கிடையாது மக்கள் வரிசையில் நின்ற 2022 மே 9ஆந் திகதி பிரதமர் மகிந்த ராஜபக்ச பதவி விலகினார். மறுநாள் அவரும் குடும்பத்தாரும் கொழும்பு மாளிகையிலிருந்து விமானமூலம் கொண்டுவரப்பட்டு அடைக்கலம் புகுந்த இடம் திருகோணமலைக் கடற்படைத் தளம். செய்தி பரவியதும் ஊர்மக்கள் தளத்தின் வாயிலிலே கூடிக் கோஷமிட்டனர். அவர் உள்ளே இருக்க, மே 12ஆந் திகதி கொழும்பிலே புதிய பிரதமராகச் சத்தியப்பிரமாணம் செய்தவர், அந்த ஒற்றை ஆசனத்தில் இருந்த ரணில் விக்கிரமசிங்கா.